தேர்தல் முடிவு சொல்ல பென்சில்வேனியாவுக்கு ஏன் நான்கு நாள் ஆனது?

(திரையில்: மேசை மேல் ஒரு தபால் வாக்கு உறை)

இந்த உறையைப் பாருங்கள். வெளியே வாக்காளரின் கையெழுத்தும் தேதியும். உள்ளே பெயரே இல்லாத இன்னொரு உறை. அதற்குள் மடித்த வாக்குச்சீட்டு. கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, இரண்டு உறைகளையும் பிரித்து, மடிப்பை நீவிவிட்ட பிறகுதான் சீட்டு இயந்திரத்துக்குப் போகும்.

ஒரே சீட்டு என்றால் சின்ன வேலை. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்தவை சுமார் 26 லட்சம்!

காரணம் சொல்லாமலே யாரும் தபாலில் வாக்களிக்கலாம் என்று 2019-ல்தான் அங்கே சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே கொரோனா. உறைகள் முன்னதாகவே வந்து குவிந்தன. ஆனால் வாக்குப்பதிவு நாளான நவம்பர் 3 காலை 7 மணிக்கு முன்னால் ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். அதே நாளில் அதே அலுவலர்கள் வாக்குச்சாவடிகளையும் நடத்த வேண்டும்.

(திரையில்: இரவு நேரத்து முன்னிலை வரைபடம்)

அன்றிரவு, நேரில் போட்ட வாக்குகளில் டிரம்ப் பெரிய முன்னிலையில் இருந்தார். தபால் வாக்குகள் எண்ண எண்ண அது கரைந்தது. சனிக்கிழமைதான் முடிவு தெரிந்தது: பைடன் சுமார் 80,000 வாக்குகளில் வெற்றி. இடைப்பட்ட நாட்களில் "இந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன?" என்ற சந்தேகம் நாடெங்கும் பரவிவிட்டது. எங்கிருந்தும் வரவில்லை. பிரிக்க அனுமதியில்லாமல் பூட்டிய அறையில் கிடந்த உறைகள்தான் அவை.

சரி, முன்பே பிரித்தால் முடிவு கசிந்துவிடாதா? நியாயமான கேள்வி. புளோரிடாவில் 2020-ல் 22 நாள் முன்பே வேலையைத் தொடங்க முடிந்தது. வாக்குப்பதிவு முடியும் முன் எண்ணிக்கையை வெளியிடுவது அங்கே குற்றம். அம்மாநில முடிவு அன்றிரவே தெரிந்துவிட்டது. மிச்சிகனும் 2023-ல் சட்டத்தை மாற்றி, 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு வாக்குப்பதிவுக்கு முன் எட்டு நாள் அவகாசம் கொடுத்தது.

பென்சில்வேனியாவில் இரு கட்சித் தேர்தல் அலுவலர்களும் இதையே கேட்டார்கள். 2021-ல் ஐந்து நாள் அவகாசம் ஒரு மசோதாவில் வந்தது. ஆனால் வாக்காளர் அடையாள அட்டை விதியும் அதே மசோதாவில் இருந்தது. ஆளுநர் டாம் வுல்ஃப் நிராகரித்தார். 2022-ல் இடைவிடாமல் எண்ணும் மாவட்டங்களுக்கு நிதி கிடைத்தது. நல்ல உதவிதான், ஆனால் நேரம் கிடைக்கவில்லை. 2024 மே மாதம் ஏழு நாள் கேட்கும் மசோதா மாநிலக் கீழவையில் நிறைவேறி, மேலவையான செனட்டில் நின்றுபோனது. அவ்வளவு எளிய ஒரு திருத்தம், ஒவ்வொரு முறையும் வேறொரு சண்டையில் மாட்டிக்கொண்டது.

அந்த நவம்பரிலும் பென்சில்வேனியாவில் முதல் உறையைப் பிரிக்க அலுவலர்கள் காலை 7 மணிவரை காத்திருந்தார்கள்.