வாடகை வீட்டுக்கு நம்பர் பூட்டு: மாஸ்டர் கோடு யார்கிட்ட இருக்கணும்?

வணக்கம் மக்களே! பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கேன். மாடிக்கு ரெண்டு போர்ஷன் இருக்கிற வீடு, எல்லாமே வாடகைக்குத்தான். ஓனர் அக்கா எல்லாக் கதவுக்கும் கீபேட் லாக் மாட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இந்த போர்ஷன் இப்போ காலியா இருக்கு, புதுசா குடி வர்றவங்க சாயங்காலம் வராங்க. அதுக்குள்ள பேசிடலாம்னு கேமராவ வச்சிட்டேன். காலி வீடு, கொஞ்சம் எதிரொலிக்கும்.

நம்ம ஏரியால இப்போ நிறைய பேர் இதைக் கேக்குறாங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், எங்க போனாலும் ஹவுஸ் ஓனர் கேக்குற முதல் கேள்வி விலை. ரெண்டாவது கேள்வி, "கரண்ட் போனா என்னப்பா ஆகும்?" ரெண்டுக்கும் பதில் சொல்றேன். ஆனா யாருமே கேக்காத ஒரு கேள்வி இருக்கு, அதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பூட்டோட மாஸ்டர் கோடு, அதாவது மத்த கோடை எல்லாம் போடவும் அழிக்கவும் பண்ற தலைமை நம்பர், யார்கிட்ட இருக்கப் போகுது?

வாடகை வீட்டுக்கு நம்பர் பூட்டு எதுக்குன்னு முதல்ல யோசிங்க. சாவிப் பூட்டுல என்ன பிரச்சினை? பூட்டு மேல தப்பே கிடையாது. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, அவ்வளவு பேர் எடுத்த பொருள். பிரச்சினை சாவியில. ஒரு போர்ஷன்ல நாலு குடும்பம் மாறி மாறி இருந்துட்டுப் போயிருந்தா, அந்தச் சாவிக்கு எத்தனை டூப்ளிகேட் போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? பையனுக்கு ஒண்ணு, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு ஒண்ணு, தங்கச்சி வீட்டுல ஒண்ணு. காலி பண்ணும்போது ரெண்டு சாவியக் கையில குடுத்துட்டு அட்வான்ஸ வாங்கிட்டுப் போயிடுவாங்க. மீதி எங்க இருக்கோ! அடுத்து குடி வர்றவங்க அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நிம்மதியாத் தூங்கணும். நம்பர் பூட்டுல பழைய கோடை அழிச்சா, அழிஞ்சது அழிஞ்சதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை வீட்டுக்கு இது நல்ல பொருள்னு மனசாரச் சொல்வேன்.

ஆனா பழைய கோடை அழிச்சிட்டு, மாஸ்டர் கோடு ஓனர் போன்லயே இருந்தா? இந்த வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்டாங்க. "தம்பி, மாஸ்டர் என்கிட்ட இருக்கட்டும்பா, ஏதாச்சும் அவசரம்னா திறக்கணும்ல?" நல்ல மனசோடதான் கேட்டாங்க. நான் சொன்னேன், "அக்கா, ராத்திரி வீட்டுல ஒரு பொண்ணு தனியா இருக்கா. கதவு வெளியில இருந்து எப்போ வேணா திறக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சா எப்படி தூங்குவா?" கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சரிப்பா, என்ன பண்ணணும் சொல்லு"ன்னாங்க.

சட்டமும் இதுக்குப் பக்கத்துலதான் நிக்குது. தமிழ்நாட்டுல 2017-ல வந்த வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துச்சு. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள்ள ஓனர் போகணும்னா, 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டுத்தான் போகணும்னு அதுல இருக்கு. வீடு உங்களோடதா இருக்கலாம், வாடகை வாங்குற வரைக்கும் குடித்தனம் அவங்களோடது.

அதனால நான் எப்படி பண்றேன்னு காட்டுறேன், வாங்க. கதவோட உள்பக்கம். இந்த மூடியத் தள்ளினா நாலு பென்சில் செல். அதுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பட்டன் தெரியுதா? ரீசெட். அழுத்திப் பிடிச்சா ஒரு நீள பீப். இப்போ உள்ள இருந்த கோடு, கார்டு, கைரேகை எல்லாமே போச்சு. பூட்டு கம்பெனில இருந்து வந்த மாதிரி ஆயிடுச்சு, அதோட மாஸ்டர் 1 2 3 4 5 6. ஊருக்கே தெரிஞ்ச நம்பர் அது. அத மாத்தாமலே மாசக்கணக்கா ஓட்டுற வீடு இருக்கு, உங்க வீடு அப்படியான்னு இன்னைக்கே பாத்துடுங்க. இந்த ரீசெட்டை ஓனர் தனியா பண்ணக் கூடாது. புதுசா வர்றவங்கள பக்கத்துல நிக்க வச்சு, அவங்க கண்ணு முன்னாடி பண்ணணும். பண்ணிட்டு, "புது மாஸ்டர் நம்பர் போட்டுக்கோங்கம்மா"ன்னு சொல்லி ரெண்டு அடி தள்ளி நிக்கணும். அவ்வளவுதான் வேலை.

ஆப் வச்ச மாடலா இருந்தா இன்னொண்ணும் இருக்கு. பூட்டு யாரோ ஒருத்தர் அக்கவுன்ட்டோட கட்டியிருக்கும். காலி பண்றவர் அவர் போன்ல இருந்து அதை டெலிட் பண்ணாம போயிட்டா, நிறைய மாடல்ல அடுத்தவங்க அக்கவுன்ட்ல சேராது. அட்வான்ஸ் திருப்பிக் குடுக்குற அன்னைக்கே, பணத்தை எண்ணிக் குடுக்குறதுக்கு முன்னாடி, ஆப்ல இருந்து எடுக்கச் சொல்லிப் பாத்துடுங்க.

அப்போ அவசரத்துக்கு? இந்த முன்பக்க மூடியக் கீழ இழுங்க. உள்ள ஒரு சாவி ஓட்டை. நம்பர் பூட்டுன்னு சொல்றோமே தவிர, இதுக்குள்ளயும் ஒரு சாவிப் பூட்டு உட்காந்திருக்கு. அந்தச் சாவி ஒண்ணை ஒரு கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்து மேல குடித்தனக்காரர் கையெழுத்துப் போட்டு ஓனர்கிட்ட குடுக்கணும். கவர் பிரிஞ்சிருந்தா தெரிஞ்சிடும். பிரிச்சா எதுக்குப் பிரிச்சோம்னு போன்ல ஒரு வார்த்தை. இதை அக்ரிமென்ட்லயே ஒரு வரியா எழுதிடுங்க. இன்னொரு சாவி குடித்தனக்காரருக்கு. அவங்க அதை வீட்டுக்குள்ள ஆணியில மாட்டி வச்சா பிரயோஜனமே இல்ல, கதவு திறக்காத அன்னைக்கு சாவி உள்ள இருக்கும். ஆபீஸ் பையில, இல்ல பக்கத்துத் தெரு சொந்தக்காரங்க வீட்டுல இருக்கட்டும்.

இப்போ இதைப் பாருங்க. கீழ போர்ஷன்ல இருந்து கழட்டின பழைய லாக். கேமராவக் கிட்ட கொண்டு வரேன், வெளிச்சத்துக்குச் சாய்ச்சுக் காட்டுறேன். 1 பளிச்சுன்னு இருக்கு, 3 பளிச்சுன்னு இருக்கு. 2, 5, 8, 0, இந்த நாலும் தேஞ்சு எழுத்தே மங்கிப் போச்சு. நாலு இலக்கக் கோடுன்னா மொத்தம் 10,000 வாய்ப்பு. எந்த நாலுன்னு தெரிஞ்சுட்டா வெறும் 24. அதுலயும் இது நடு வரிசை, மேல இருந்து கீழ ஒரே இழுப்பு. யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் அழுத்திப் பாப்பாங்க. அஞ்சு தடவை தப்பாப் போட்டா கொஞ்ச நேரம் பூட்டு மரத்துப் போயிடும்தான், ஆனா இந்த கோடுக்கு ஒரு தடவையே போதுமே!

பிறந்த வருஷம், வண்டி நம்பர், கதவு நம்பர் வேண்டாம். ஆறு இலக்கம் போடுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்துங்க, பட்டன் ஒரே மாதிரி தேயும். நம்ம பக்கம் மாடிப்படி எல்லாருக்கும் பொது. நீங்க அழுத்தும்போது பின்னாடி யாராச்சும் ஏறிட்டேதான் இருப்பாங்க. அதுக்கு நிறைய மாடல்ல ஒரு வசதி இருக்கு. உங்க நம்பருக்கு முன்னாடியும் பின்னாடியும் வாய்க்கு வந்த நம்பரை அழுத்தலாம், நடுவுல சரியான கோடு வந்தா பூட்டு திறந்துடும். வாங்கும்போது இது இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

கரண்ட் கேள்விக்கு வரேன். இதுக்கும் ஈபி லைனுக்கும் சம்பந்தமே இல்ல, செல்லுலதான் ஓடுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்தோம், நினைவு இருக்கும். அன்னைக்கு போனும் செத்துப் போச்சு, டவரும் போச்சு. போன்ல மட்டும் திறக்குற பூட்டா இருந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான். பட்டன் இருக்கிற பூட்டு திறக்கும். அதனாலதான் கீபேட் இல்லாத மாடலை யாருக்கும் நான் மாட்டித் தர்றதில்ல. செல் சுத்தமாத் தீந்துட்டா? அடியில பாருங்க, ரெண்டு உலோகப் புள்ளி. இதுல 9 வோல்ட் பேட்டரிய ஒட்டிப் பிடிச்சிட்டு கோடை அழுத்தினா திறக்கும். புது மாடல்ல அதுக்குப் பதிலா போன் சார்ஜர் ஓட்டை, பவர் பேங்க் போதும்.

செல் வாங்கும்போது ஆல்கலைன் வாங்குங்க. சார்ஜ் பண்ற செல்லு ஒண்ணு 1.2 வோல்ட், நாலு சேந்தா 4.8 தான் வரும். ஆல்கலைன் நாலு போட்டா 6. நிறைய பூட்டு 4.8-லயே பேட்டரி கம்மின்னு கத்த ஆரம்பிச்சிடும். செல்லைக் குடிக்கிறது பெரும்பாலும் பூட்டு இல்ல, கதவு. ஐப்பசி கார்த்திகை மழைல மரம் ஊறி உப்பிடும். நாக்கு நிலையில உரசும், மோட்டார் ஒவ்வொரு தடவையும் முக்கி முக்கித் தள்ளும். செல்லு சீக்கிரம் தீருதுன்னு புகார் வந்தா நான் முதல்ல நிலையில இருக்கிற தகட்டைத்தான் பாப்பேன். அதைக் கொஞ்சம் ராவி விட்டாலே சரியாப் போகும்.

காசிமேடு, திருவொற்றியூர்னு கடல் ஓரமா இருக்கிறவங்களுக்குக் கூடுதல் வேலை. உப்புக் காத்து செல் முனையில பச்சையும் வெள்ளையுமாப் பூத்துடும். மாசத்துக்கு ஒருவாட்டி மூடியத் திறந்து காஞ்ச துணியால தொடைங்க. ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்க. சாவி ஓட்டைல தேங்காய் எண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டிப் பிசினாயிடும். கிராஃபைட் பவுடர் போடுங்க.

கைரேகை மாடல் வாங்கலாமான்னு கேட்டா, இருந்துட்டுப் போகட்டும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. மீன் வெட்டுறவங்க, பட்டறைல வேலை பாக்குறவங்க, சிமென்ட்ல கை வைக்கிறவங்க, இவங்க விரல்ல ரேகை தேஞ்சிருக்கும். மெஷின் எடுக்காது. நாள் முழுக்க உழைச்சிட்டு வந்தவரை அவர் வீட்டுக் கதவே உள்ள விடலன்னா என்ன நியாயம்? நம்பர் எல்லாரையும் ஒண்ணாத்தான் பாக்கும்.

விலை மாடலைப் பொறுத்து மாறும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி கதவோட கனத்தை அளந்துக்கோங்க. 35 மில்லிமீட்டருக்குக் கம்மியா இருந்தா நிறைய மாடல் உட்காராது. பழைய வீட்டு ரெட்டைக் கதவுன்னா ஒரு பக்கத்தை மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டு நிறுத்தினாத்தான் மாட்ட முடியும். தெருக் கேட்டுக்கு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கோடு குடுக்காதீங்க, வீட்டுக்கு ஒண்ணு குடுங்க. ஒருத்தர் காலி பண்ணா அவங்களோடது மட்டும் அழியும், மத்தவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. உள்ள இருந்து திறக்க கோடு, செல் எதுவும் தேவைப்படாத மாடலாப் பாத்து வாங்குங்க. தீ கீ பிடிச்சா கையால திருகினதும் கதவு திறந்தாகணும், இதுல எந்த சமரசமும் வேண்டாம்.

கீழ ஆட்டோ சத்தம் கேக்குது, குடி வர்றவங்கன்னு நினைக்கிறேன். ரீசெட்டை அவங்க முன்னாடி இன்னொரு தடவை பண்ணணும். உங்க வீட்டுக் கதவு, நிலை ரெண்டையும் போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, என்ன மாடல் உட்காரும்னு சொல்றேன். வரேன் மக்களே.