ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும்

பெரியோர்களே, அருட்சகோதரிகளே, சட்டம் படிக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

1839ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில் ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண், கண் தெரியாமல் நடமாட முடியாமல் கிடந்த ஒரு மூதாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார். அந்தக் கட்டிலில் தொடங்கியதுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. கடை கடையாகப் போய்க் கையேந்தி, ஆதரவற்ற முதியோருக்குச் சோறு போடுகிறவர்கள். 1882இல் கொல்கத்தாவுக்கு வந்தார்கள்; சென்னையிலும் அவர்களுக்கு இல்லம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் 2013இல் அமெரிக்க அரசை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள். ஏன்?

2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், 2011 ஆகஸ்டில் ஒரு விதி வந்தது. வேலை கொடுப்பவர் தரும் காப்பீட்டில், பெண்களுக்கான கருத்தடை முறைகள் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அந்த விதி. கத்தோலிக்கத் திருச்சபையோ செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் எழுதிய சுற்றுமடலில் அதை மீண்டும் உறுதிசெய்திருந்தார்.

கோவில்களுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். ஆனால் முதலில் அவர்கள் எழுதிய வரையறையைக் கேளுங்கள்: பெரும்பாலும் தன் மதத்தாரையே வேலைக்கு வைத்து, பெரும்பாலும் தன் மதத்தாருக்கே சேவை செய்தால்தான் அது மத நிறுவனம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் தூக்கிக்கொண்டு போனாரே நல்ல சமாரியர், அவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். எனக்கு இதுதான் முதலில் வலித்தது. பின்னால் 2013இல் அந்த வரிகளை நீக்கினார்கள். ஆனாலும் முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் முழு விலக்கு கிடைக்கவில்லை.

அவர்களுக்கு வேறொரு ஏற்பாடு சொல்லப்பட்டது. 'எங்களுக்கு இதில் உடன்பாடில்லை' என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுக் காப்பீட்டை நிர்வகிப்பவரிடம் கொடுத்துவிட்டால், செலவை அவர் பார்த்துக்கொள்வார். கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. அப்போது அதன் தலைவியாக இருந்த கேரல் கீகனும் ஒரு துறவிதான். சிறிய சகோதரிகள் மறுத்தார்கள். இணங்காவிட்டால், காப்பீட்டில் உள்ள ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் அபராதம்.

அவர்களுடைய காப்பீட்டை நிர்வகித்ததும் ஒரு கத்தோலிக்க அமைப்பே. அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 'அப்படியானால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே, என்ன குறைந்துவிடும்?' என்று என் நண்பர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கி.பி. 250இல் ரோமைப் பேரரசன் டேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். சில கிறிஸ்தவர்கள் பலியிடவே இல்லை. அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். திருச்சபை அதையும் தவறுதல் என்றுதான் கருதியது. டேசியுஸ் கொடுத்த தண்டனையோடு அமெரிக்க அபராதத்தை நான் ஒப்பிடவில்லை, அது அநியாயம். ஒரு தாளில் இடும் ஒப்பத்துக்குக் கிறிஸ்தவ மனச்சான்று எவ்வளவு பழைய காலத்திலிருந்து கனம் கொடுத்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். அந்த ஒப்பம் தங்களைப் பாவத்துக்கு உடந்தையாக்குகிறதா என்பதை அந்தச் சகோதரிகள்தான் சொல்ல வேண்டும். அரசு வழக்கறிஞர் சொல்ல முடியாது.

2013 டிசம்பர் 31 இரவு, விதி அமலுக்கு வரச் சில மணி நேரம் இருக்கும்போது, உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமயோர் தற்காலிகத் தடை கொடுத்தார். 2016இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முழு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ஸ்காலியா இறந்து எட்டுப் பேர்தான் இருந்தார்கள். நிறுவனங்களிடம் எந்த அறிவிப்பும் வாங்காமலே பெண்களுக்கு இந்தப் பலன் கிடைக்கச் செய்ய முடியுமா என்று நீதிமன்றம் கேட்டது. முடியும் என்று இரு தரப்பும் சொன்னதாகக் குறித்துக்கொண்டு, வழக்கைக் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. 1993ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் கேட்பதும் அதைத்தான்: மனச்சான்றைக் குறைவாக உரசுகிற வழி இருந்தால், அரசு அந்த வழியில்தான் போக வேண்டும். வழி இருந்தும் ஏன் இத்தனை வருடம் இவர்களை அலைக்கழித்தார்கள்?

2017இல் டிரம்ப் அரசு விலக்கை விரிவாக்கியது. பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் வழக்குப் போட்டன. 2020 மே மாதம், கொரோனா காலம், தொலைபேசியிலேயே விசாரணை நடந்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மருத்துவமனையில் இருந்தபடியே கேள்வி கேட்டார். ஜூலை 8 அன்று 7க்கு 2 என்ற கணக்கில் சகோதரிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

கின்ஸ்பர்க் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை, நான் ஆதரிக்கும் தரப்பு ஜெயித்தது என்பதற்காக நான் தள்ளிவிட மாட்டேன். 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை இந்தப் பலனை இழக்கலாம் என்ற அரசின் சொந்தக் கணக்கையே அவர் எடுத்துக் காட்டினார். கருப்பையில் பொருத்தும் சாதனத்தின் விலை, குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்று 2014லேயே எழுதியவர் அவர். முதியவர்களைக் குளிப்பாட்டித் துணி மாற்றுகிற ஊழியப் பெண் கத்தோலிக்கராக இல்லாமலும் இருக்கலாம். அவருக்கும் மனச்சான்று உண்டு. 1970இலிருந்து கூட்டாட்சி அரசு தன் பணத்தில் குடும்பநல மருத்துவமனைகளுக்கு உதவி வருகிறது. அங்கே போவதற்கு அந்தப் பெண் ஒருநாள் கூலியை இழக்கவேண்டி வரலாம். அந்தப் பாரத்தைக் குறைப்பது அரசின் வேலை. அதை அரசு தன் கையாலேயே செய்திருக்க வேண்டும், சகோதரிகளின் கையெழுத்தைக் கேட்டிருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

வழக்கு அங்கேயும் ஓயவில்லை. 2025 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விலக்கு விதிகளை ரத்து செய்தது. சகோதரிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவே, அவர்களுடைய இல்லங்களில் விடியற்காலையில் யாரோ ஒரு சகோதரி ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.