எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை

வணக்கம் நேயர்களே.

சொல்வன்மை என்றதும் நமக்கு மேடைதான் ஞாபகம் வரும். பட்டிமன்ற நடுவர், தேர்தல் பேச்சாளர், மிஞ்சிப்போனால் நீதிமன்றத்து வக்கீல். ஆய்வுக் கட்டுரையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. கண்டுபிடித்தவர் சொல்வதை, சந்தேகத்தோடு படிக்கிற சக ஆய்வாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமே! ஒரே ஒரு கட்டுரையை எடுத்து இதைப் பார்ப்போம்.

1953 ஏப்ரல் 25. நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். அச்சில் இரண்டு பக்கம்கூட முழுதாக இல்லை. 'ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம்' என்று பணிவாகத்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே சண்டை. லைனஸ் பாலிங், கோரி என்ற வேதியியலாளர்கள் மூன்று இழைகள் கொண்ட ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் படியை முன்கூட்டியே அன்போடு தந்தார்கள் என்று ஒரு மரியாதை; உடனே, அது சரியில்லை, காரணங்கள் இரண்டு என்று ஓர் அடி. ஃபிரேசர் என்ற இன்னொருவருடைய அமைப்புக்கு அந்த அளவுகூட இடமில்லை. தெளிவாக வரையறுக்கப்படவில்லை, ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போவதில்லை என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தங்கள் அமைப்பையே விவரிக்கிறார்கள்: இரண்டு இழைகள், ஒன்றில் உள்ள ஒவ்வொரு வேதித் துண்டும் மற்றதில் தனக்கென்று உள்ள துண்டோடு மட்டும் இணைசேரும்.

நம் நன்னூல் பாயிரத்தில் இந்த வேலைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. 'எழுவகை மதம்' என்று பவணந்தி முனிவர் அடுக்குகிறார்; மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்பு களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் மதத்தோடு சேராமல் தன் மதம் கொள்ளல். வாட்சனும் கிரிக்கும் குற்றம் காட்டிவிட்டுத் தம்முடையதை நாட்டுகிறார்கள். இன்றைய ஆய்வேடுகளில் 'முன்னாய்வுகள்' என்று ஓர் இயல் வருகிறதே, அதைப் பாருங்கள். இன்னார் இன்ன ஆண்டில் இன்னது சொன்னார் என்று பக்கம் பக்கமாக ஓடும். இந்த ஏழில் ஒன்றுகூட அதில் பெரும்பாலும் இருக்காது.

சரி, கட்டுரையின் இறுதிக்கு வருவோம். 'நாங்கள் கருதியுள்ள இந்த இணைசேர்க்கை, மரபுப் பொருள் நகலெடுக்கப்படுவதற்கான ஒரு சாத்தியமான வழியை உடனடியாக உணர்த்துகிறது என்பது எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை.' என்ன நழுவல் பாருங்கள்! மரபியல் விளைவுகளை விரிவாக எழுத வேண்டும் என்பது கிரிக்கின் ஆசை. அமைப்பே தவறாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வாட்சனுக்குப் பயம். இரண்டுக்கும் நடுவே பிறந்த சமரசம் இந்த வாக்கியம் என்று கிரிக் பின்னாளில் சொன்னார். உரிமையும் கோரியாயிற்று, மாட்டிக்கொள்ளவும் இல்லை. ஐந்து வாரம் கழித்து, மே 30-ஆம் தேதி இதழில், அந்த விளைவுகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

இதே சாமர்த்தியம் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. டி.என்.ஏ.வை ஆராய்ந்துவந்த ரோசலிண்ட் பிராங்கிளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படத்தை, பிராங்கிளினுக்குத் தெரியாமல் அவருடைய சக ஆய்வாளர் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டியிருந்தார். கட்டுரையோ, வில்கின்ஸ், பிராங்கிளின் முதலியோரின் வெளிவராத முடிவுகளின் 'பொதுவான தன்மை' தெரிந்திருந்தது ஊக்கமளித்தது என்று மட்டும் சொல்லி நகர்கிறது. நன்றி சொல்லும் வாக்கியத்திலும் ஒரு வாதம் ஒளிந்திருக்கும்.

ஆனால் எல்லாத் துறைக்கும் இந்தக் கட்டுரை முன்மாதிரி ஆகாது. 1958-இல் ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவவாதி ஒரு பயனுள்ள பிரிப்பைச் செய்தார். நாம் சொல்லும் கூற்று ஒன்று. அதற்குக் காட்டும் சான்று ஒன்று. இந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்குப் போகலாம் என்று அனுமதி தரும் விதி மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் அநேகமாக எழுதுவதில்லை. துறைக்குள் இருப்பவருக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. கல்வெட்டு அறிஞர் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வார். எழுத்து காலந்தோறும் மாறும், அந்த மாற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு என்பது அங்கே சொல்லாத விதி. இலக்கியத்தில் செய்யுள் அடியையே மேற்கோள் காட்டியாக வேண்டும். வேதியியலில் முன்னவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எடுத்துப் போடுவது அபூர்வம்.

அமைப்பும் அப்படித்தான். முன்னுரை, முறைகள், முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதிச் சட்டகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மருத்துவ இதழ்களில் நிலைபெற்றது. சோதனை செய்து பார்க்கிற துறைக்கு அது பொருத்தமான சட்டை. அதையே சங்க இலக்கிய ஆய்வேட்டுக்கும் மாட்டிவிட்டு, 'ஆய்வு முறையியல்' என்று ஓர் இயல் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். குறுந்தொகையை உட்கார்ந்து படித்த பிள்ளை அங்கே என்னதான் எழுதும்? விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, பகுப்பாய்வுமுறை என்று மூன்று பெயரை எழுதிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகிறது. தேர்வாளரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நன்றி, வணக்கம்.