பெயர் பிறகு வரட்டும், ஒலி முதலில் வரட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலையை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து அல்சூர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியைகளே, வணக்கம்.

ஆங்கில எழுத்தைக் கற்கும் சின்னக் குழந்தைக்கு முதலில் தரவேண்டியது எழுத்தின் பெயரா, எழுத்தின் ஒலியா? இதுதான் இன்றைய தலைப்பு. பெயர்தான் என்று வாதாடிய எதிரணி அம்மையார் மூன்று காரணங்களை வைத்தார். பெயர் தெரியாமல் எழுத்தைச் சுட்டவே முடியாது என்றார். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது ஒன்று, ஆகவே ஒலியை நம்பிப் பயனில்லை என்றார். பள்ளியில் இடம் கேட்டுப் போனால் ஏபிசிடி சொல்லச் சொல்கிறார்களே என்றார். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன் ஒரே ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

பின். சேலையில் குத்துகிறோமே, அந்த சேஃப்டி பின். மூன்றே எழுத்து. எல்.கே.ஜி. குழந்தை அந்த மூன்றின் பெயரையும் சொல்லட்டும்: பீ, ஐ, என். வேகமாகச் சொல்லட்டும்: பீயையென். நூறு தடவை சொன்னாலும் பின் வராது. இப்போது ஒலியைச் சொல்லட்டும்: ப், இ, ன். வேகமாகச் சொன்னால் பின்! குழந்தை வாசித்துவிட்டது, நடுவர் அவர்களே. யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைத் தானாகவே வாசித்துவிட்டது. எங்கள் அணியின் வழக்கு முழுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

நம் வீட்டுக் குழந்தைக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அ, ஆ, இ, ஈ படித்த குழந்தைக்கு எழுத்து எப்படி ஒலிக்கிறதோ அப்படித்தான் அதைக் கூப்பிட வேண்டும். நம் பெங்களூருத் தெருவில் பார்க்கும் கன்னட எழுத்தும் அப்படியே. அதே நம்பிக்கையோடு அது ஆங்கிலத்துக்கு வருகிறது. நாம் ஏ, ஈ, ஐ என்று மூன்று பெயர்களைக் கொடுக்கிறோம். மூன்றுமே தமிழில் நெடில் உயிர்கள். குழந்தை என்ன செய்யும்? பின் என்பதைப் பைன் என்று வாசிக்கும். பெட் என்பதைப் பீட் என்று வாசிக்கும். கவனக்குறைவு என்று தலையில் குட்டுகிறோம். நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பி வாசித்த குழந்தை அது.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடுவோம். மொத்தம் 26 எழுத்து. பெயர் தொடங்கும் இடத்திலேயே ஒலி கிடைப்பவை பால் பீ (b), டால் டீ (d), ஜே, கே, பென் பீ (p), டேபிள் டீ (t), வீ, ஸெட் (z). நம் ஊரில் ஹெச் என்று சொல்வதால் அதையும் சேர்த்தால் 9. எஃப், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் என்ற 7 எழுத்துக்கு ஒலி பெயரின் வாலில் ஒளிந்திருக்கிறது. சி, ஜி இரண்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கப்பும் கம்மும் வராது, ஸப்பும் ஜம்மும்தான் வரும். கியூ தனியாக நிற்கவே நிற்காது, பக்கத்தில் யூ வேண்டும். டபிள்யூ, ஒய் என்ற பெயர்களுக்குள் அந்த எழுத்தின் ஒலியே தொடக்கத்தில் இல்லை. மீதி 5 உயிர். அவற்றின் பெயர் நீளமான ஒலி, குழந்தை முதலில் வாசிக்கும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு வேண்டியதோ குட்டையான ஒலி. ஆக, 26-இல் 9 எழுத்துக்கு மட்டும் நேராக உதவும் ஒன்றை முதல் பாடமாக வைக்கச் சொல்கிறது எதிரணி.

சரி, ஒலியை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் வேலை இருக்கிறது, தவறும் இங்கேதான் நடக்கிறது.

ஏ, பி, சி, டி என்ற வரிசையை விட்டுவிட வேண்டும். அது அகராதிக்கான வரிசை. அதன் முதல் நான்கு எழுத்துக்குள்ளேயே, சின்ன எழுத்தில் எழுதினால் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறும் பால் பீயும் டால் டீயும் ஒரே ஓர் எழுத்து இடைவெளியில் வந்து நிற்கின்றன. தமிழிலோ கன்னடத்திலோ அப்படித் திருப்பிப் போட்டால் வேறாகும் ஜோடியைக் குழந்தை பார்த்துப் பழகியதில்லை. இங்கிலாந்துக் கல்வித் துறை 2007-இல் பள்ளிகளுக்குக் கொடுத்த ஒலிவழி வழிகாட்டி எஸ், ஏ, டேபிள் டீ, பென் பீ, ஐ, என் என்று தொடங்குகிறது. இந்த ஆறே எழுத்தில் பின், டின், டிப் (tip), நிப் (nip), ஸிப் (sip), ஸிட் (sit), பேன் (pan), நேப் (nap) என்று எத்தனை சொல் பாருங்கள். இரண்டாவது வாரமே குழந்தை சொல் வாசிக்கும். தமிழும் கன்னடமும் கூடவே ஓடும் நம் குழந்தைக்கு வாரம் மூன்று எழுத்து போதும். திங்கள், செவ்வாய், புதன் ஒவ்வொன்று. வியாழனும் வெள்ளியும் பழையதோடு சேர்த்துக் கலக்க. நாளுக்குக் கால் மணி நேரம். ஒன்பது வாரத்தில் 26-உம் முடிந்துவிடும்.

தொடங்குவது சின்ன எழுத்தில். வாசிக்கிற பக்கத்தில் பெரிய எழுத்து வாக்கியத்தின் தலையிலும் பெயர்களிலும்தான் வரும். ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு ஸ்பூன் ரவையைப் பரப்பி விரலால் எழுதவிடுங்கள். மாவு விரலில் ஒட்டும், ரவை ஒட்டாது. தட்டின் அடி தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும், குவிந்திருந்தால் போட்ட கோடு மூடிக்கொள்ளும். எழுதும்போதே வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். டால் டீயை சி போல இடப்பக்க வளைவில் தொடங்கிப் பிறகு கோடு. பால் பீயை மேலிருந்து கோடு, பிறகு வயிறு. கை தொடங்கும் இடம் வேறானால் கண் குழம்பாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிற தவறு. ஆசிரியை ஒலி சொல்லித்தருகிறேன் என்று ப, இ, ன என்கிறார். குழந்தை சேர்த்துப் பார்க்கிறது: பயின. ஒலிவழி நமக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சரிப்படாதது முறை அல்ல. ஒலியோடு ஒட்டிக்கொண்ட அந்த அகரம். ஆங்கிலப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு வசதி நம் பிள்ளைக்கு இருக்கிறது: புள்ளி வைத்த எழுத்து. மெய்யெழுத்து பதினெட்டும் சொல்லத் தெரிந்த குழந்தையிடம், இது ப அல்ல, ப் என்றால் உடனே புரியும். ப், ட், ஸ் மூன்றுக்கும் தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்ந்தால் உயிர் ஒட்டியிருக்கிறது. ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன் போல இழுக்க முடிகிற ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் கொடுங்கள். இழுத்துக்கொண்டே அடுத்த ஒலியில் இறங்கிவிடலாம். பால் பீயையும் டால் டீயையும் உயிர் சிறிதும் ஒட்டாமல் சொல்ல முடியாது. முடிந்தவரை சுருக்கிச் சொன்னால் போதும்.

சொல்லின் கடைசியில் இன்னொரு வழுக்கல். வீட்டில் பஸ்ஸு, கப்பு என்கிறோம். கன்னடத்திலும் பஸ்ஸு, காரு. இரண்டு மொழியும் சேர்ந்து பழக்கிய உகரம், பின்னைப் பின்னு ஆக்கிவிடும். இதற்குச் சிலேட்டில் மூன்று கட்டம் போடுங்கள், கையில் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு ஒலிக்கு ஒரு கொட்டை. ப், கொட்டை. இ, கொட்டை. ன், கொட்டை. உ என்று வாய் போனால் வைக்கக் கொட்டையும் இல்லை, கட்டமும் இல்லை. குழந்தை தானே நின்றுவிடும். அதட்ட வேண்டிய தேவையே வராது.

பென் பீயும் பால் பீயும் வேறு ஒலி என்று புரியவைப்பது தமிழில் மட்டும் வளரும் குழந்தையிடம் சற்றுச் சிரமம், இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. ஆனால் ஸ்ரீராமபுரத்துக் குழந்தை கடையில் நின்று பேக்கு (வேண்டும்), பேடா (வேண்டாம்) என்று கன்னடம் பேசுகிறதே, அந்தப் பேக்குவில் இருப்பது பால் பீ, பேப்பரில் இருப்பது பென் பீ. பெங்களூரு இலவசமாகக் கொடுத்த பாடம் இது. வகுப்பறையில் அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவென்யூ ரோட்டில் எழுத்துச் சார்ட் வாங்கும்போது படத்தைச் சொல்லிப் பாருங்கள். ஐ-க்கு ஐஸ்கிரீம் போட்டிருந்தால் வேண்டாம், இங்க் இருக்க வேண்டும். யூ-வுக்கு யூனிஃபார்ம் அல்ல, அம்ப்ரெல்லா. ஜி-க்கு ஜிராஃப் அல்ல, கோட், அதாவது ஆடு. எக்ஸுக்குச் சைலஃபோன் படம் போட்டால் அதில் எக்ஸின் வழக்கமான ஒலியே இல்லை; பாக்ஸ் என்று கடைசியில் ஒலிக்கும் படம்தான் சரி.

இனி எதிரணிக்கு வருகிறேன். பெயரில்லாமல் எழுத்தைச் சுட்ட முடியாது என்றார். இன்று நானே பால் பீ, பென் பீ என்று பெயர் சொல்லித்தான் பேசினேன். ஏனென்றால் எனக்கு வாசிக்கத் தெரியும். பெயர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒலி நிலைத்த பிறகு, பத்தாவது வாரத்தில், பாட்டாகவே கொடுங்கள். எல், எம், என், ஓ, பீ என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாடுங்கள், இல்லாவிட்டால் எலமெனோபீ என்று ஒரே எழுத்தாகப் பதிந்துவிடும். எழுத்துப் பெயர் தெரிந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாக வாசிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். புத்தகம் புழங்கும் வீட்டில் பெயரும் சீக்கிரம் வரும், வாசிப்பும் சீக்கிரம் வரும். ஒன்றோடொன்று வருவதால் ஒன்றால் மற்றது வந்ததாகிவிடாது.

எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்றார். ஒன் (one), ஸெட் (said) போன்ற சொற்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஸெட் என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன, நடுவில் மட்டும்தான் கோளாறு. அப்படிப்பட்ட சொற்களை வாரத்துக்கு இரண்டு என்று முழுச்சொல்லாகவே பழக்கலாம். ஓ, என், ஈ என்று பெயரைச் சொன்னால் மட்டும் ஒன் வந்துவிடுமா?

சேர்க்கையில் கேட்கிறார்கள் என்றார். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்கும் ஒரு கேள்விக்காக ஒரு வருடப் பாடத்தையே திருப்பிவைக்க வேண்டுமா?

இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொல் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. மனப்பாடம் உதவாது, ஒலி சேர்க்கத் தெரிந்தால்தான் வாய் திறக்கும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் அப்படி ஒரு சொல்லைக் கேட்கிறேன்: நிஸ். என், ஐ, எஸ் என்று பெயர் மட்டும் தெரிந்த குழந்தை இதை எந்த வழியில் வாசிக்கும் என்பதை இந்த மேடையில் படிப்படியாகச் சொல்லிக்காட்டட்டும். நன்றி, வணக்கம்.