தீர்ப்புக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கமுங்க. திருப்பூரில் வக்கீலாக இருந்தவள் தொழிலாளர் நல வேலைக்காக டாக்காவுக்கு ஏன் போனாள் என்று பேசச் சொன்னார்கள்.

கோர்ட்டில் என் பிழைப்பு பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான். பெருந்துறை, அவிநாசி வழியாக நெடுஞ்சாலை ஓடும்வரை அதற்குப் பஞ்சமில்லை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள்: மூன்றையும் நிரூபித்தால் கணக்கு வந்துவிடும். பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கியவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கூட வேலை பார்த்த டெய்லரைக் கூண்டில் ஏற்றி, பீஸுக்கு எவ்வளவு, ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று கேட்டுக் கேட்டுத்தான் வருமானத்தை நிறுவ வேண்டும்.

ஜெயித்தாலும் பணம் உடனே வராது. தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி நிறைவேற்று மனு போட்டு மறுபடி அலைய வேண்டும். இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லையே டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்ற கருத்தை, வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது.

நம் நொய்யலையே பாருங்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உத்தரவு ஒரு நாளில் வந்துவிடும். சுத்திகரிப்பு நிலையமும், அதை ஓட்டக் காசும், கண்காணிக்க ஆளும் அப்படி வருமா? அந்த இடத்தில் தொடங்குகிற வேலைதான் என்னை இழுத்தது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமையில் இழப்பீட்டு நிதி திரட்டினார்கள். வேண்டிய 3 கோடி டாலர் சேர்வதற்கு 2015 ஜூன் ஆகிவிட்டது. நான் போனது அதற்கெல்லாம் பிறகு. இழப்பீடு கணக்கிட்ட முறையைப் படித்தால், அங்கேயும் வயது, கூலி, நம்பியிருந்தவர்கள்! வங்காளம் தெரியாவிட்டாலும் அந்தக் கணக்கு எனக்குப் பழகினதுதானே.

சம்பளம்? ஓராண்டு ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வழக்கில் ஜெயித்தால் கட்சிக்காரர் ஸ்வீட்டோடு வருவார். இங்கே காலாண்டு அறிக்கைதான். "வக்கீல்னா ஊருக்குத் தெரியுமுங்கண்ணு, இதை என்ன வேலைன்னு சொல்றது?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமையகம் இருக்கிற ஜெனீவாவை நேரே பார்க்காதீர்கள். சில வருஷமாவது உள்ளூர் கோர்ட்டில் சாட்சி விசாரியுங்கள். பிறகு முழுநேரச் சம்பள வேலைக்குப் போவதானால், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் வக்கீல் தொழிலை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து மறுபடி கோட்டு மாட்ட அது வேண்டும்.