படகு இழுக்க ஒரு பழைய பிக்கப்

நேயர்களுக்கு வணக்கம். பெயரை அறிவிப்பாளர் சொல்லிவிட்டார், தொழிலை நான் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சின் மிங் பக்கத்தில் 31 வருடம் டீசல் வண்டிகளுக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பிழைத்தவன் நான். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால், அதே வேலையைக் காசு வாங்காமல் செய்வது.

போன மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். பொங்கோல் பக்கம் சின்னப் படகுகளுக்கு மோட்டார் பழுதுபார்க்கும் தொழில். வாடிக்கையாளரின் படகை டிரெய்லரில் ஏற்றி, கரையிலிருந்து பட்டறைக்கு இழுத்து வர ஒரு பழைய டீசல் பிக்கப் வேண்டுமாம். கைபேசியில் நான்கு விளம்பரம் எடுத்து வைத்திருந்தார். ஹைலக்ஸ் ஒன்று, நவாரா ஒன்று, டிமேக்ஸ் இரண்டு. "அங்கிள், இதுல எது நல்லா இழுக்கும்?" என்றார்.

"நாலும் இழுக்கும். எது நிற்கும்னு கேளுங்க" என்றேன்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. டர்போ வைத்த டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500, 2,000 சுற்றிலேயே முழு முறுக்குவிசையைக் கொடுத்துவிடும். 2020-க்குப் பிறகு வந்த 2.8 லிட்டர் ஹைலக்ஸில், தானியங்கி கியர் வைத்ததற்கு 500 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒன்றரை டன் படகெல்லாம் அதற்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் அதே டீசல் இன்ஜினுக்கு ஒரு குறை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழியைத் திராட்டில் என்னும் மூடி அடைத்துவிடும், இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் இன்ஜின் வேகத்தைக் காற்றை அடைத்துக் கட்டுப்படுத்துவதில்லை, எரிபொருளைக் கூட்டிக் குறைத்துத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் காலை எடுத்தாலும் வண்டி அவ்வளவாகத் தணியாது. பெரிய லாரிகளில், புகை போகும் வழியை அடைத்து வேகத்தைத் தணிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பது அதற்காகத்தான். நம் பிக்கப்பில் அது கிடையாது. மொத்தப் பாரமும் பிரேக் கட்டையின் தலையில் விழும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பிக்கப் நம் ஊரில் இலகு ரகச் சரக்கு வாகனம். பின்னால் 70 என்று வேக வரம்பை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 50-இல் போகும் வண்டியையும் 70-இல் போகும் வண்டியையும் ஒப்பிட்டால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று நினைக்கிறோம். பின்னால் படகு இருக்கும்போது அந்த நினைப்பு சரிப்படாது. டிரெய்லர் மாட்டினால் வேக வரம்பு என்ன, டிரெய்லரை மாட்டும் டோ பார் பொருத்த அனுமதி உண்டா, டிரெய்லரை எப்படிப் பதிவு செய்வது என்பதையெல்லாம் வண்டி வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சூடு. இதற்கு என் மச்சான் கதையைச் சொல்ல வேண்டும். அவர் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறார், மீன் பிடிப்பதில் பைத்தியம். பழைய பிக்கப் ஒன்று வாங்கி, படகை மாட்டிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையில் தெமர்லோ பக்கம் கிளம்பினார். நானும் கூட இருந்தேன். வாங்கும்போது கிள்ளானுக்குள்ளே இரண்டு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார், பிரமாதமாக ஓடியது. கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றம் ஆரம்பித்ததும் வெப்பமானி முள் மெல்ல மேலே போனது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை. மச்சான் என் முகத்தைப் பார்க்கிறார், நான் முள்ளைப் பார்க்கிறேன். ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்து, படகைத் திருப்பிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு மீன் சந்தையில் வாங்கியதுதான்.

பிறகு பிரித்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் சேறும் பூச்சியும் அடைத்து, அட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், நடுவில் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கியர் எண்ணெய் செர்ரிப் பழச் சிவப்பில் இருக்க வேண்டியது, காப்பிக் கறுப்பில் இருந்தது. தானியங்கி கியரில் ஏற்றத்தில் மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்கும்.

இதில் நமக்கு என்ன பாடு என்றால், சிங்கப்பூரின் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா. 163 மீட்டர். தீவு விரைவுச்சாலையில் துவாஸுக்கும் சாங்கிக்கும் நாள் முழுக்க ஓட்டினாலும் இந்த நோய் வெளியே வராது. விற்பவரும் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. அதனால் ஓட்டிப் பார்த்ததை மட்டும் நம்பாதீர்கள். டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு அந்த நடு இடுக்கைப் பாருங்கள். கியர் எண்ணெயை மோந்து பாருங்கள். சில கியர்பாக்ஸுக்கு எண்ணெய் பார்க்கும் அளவுகோல் இருக்காது. அப்போது வண்டியை மேலே தூக்கிக் கொஞ்சம் எண்ணெயை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

பார்க்கப் போவதற்கு முன் விற்பவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: "நான் வரும்வரை இன்ஜினைப் போடாதீங்க." போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் முதல் முறை போடும்போது வண்டி என்ன செய்யும் என்பதை யாரோ உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. குளிர்ந்த இன்ஜின் உண்மையைச் சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை, அதில் ஒரு இனிப்பு வாடை, நிற்காமல் வருகிறதென்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. பாரத்தில் கொஞ்சம் கரும்புகை பழைய டீசலுக்கு இயல்பு. அப்புறம் இன்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உலைமூடி மாதிரி அது துள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

2014-இல் யூரோ 5, 2018-இல் யூரோ 6 என்று டீசல் வண்டிகளுக்கான புகை விதி இங்கே இறுகியது. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் டிபிஎஃப் இருக்கும். கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 பாகை அளவுக்குச் சூடாகி எரித்துவிடும் வடிகட்டி அது. விரைவுச்சாலையில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் சரக்கு வண்டி எப்படி ஓடுகிறது? புளோக்குக்கு புளோக் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே ஒருவர் சாப்பிடுகிறார். வடிகட்டி எரிக்க ஆரம்பிக்கும், பாதியில் சாவியைத் திருப்பிவிடுவார்கள். எரிக்கத் தெளித்த டீசல் மெல்ல இன்ஜின் எண்ணெயில் கலக்கும். அதனால் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், அதுதான் பெரிய செலவு. இதனால்தான் குறைந்த கிலோமீட்டர் என்று ஆசைப்படுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நின்ற இடத்திலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய இன்ஜினின் கணக்கு அந்த மீட்டரில் ஏறாது.

இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்றும் கேளுங்கள். ஹைலக்ஸில் 2015-இல் வந்த ஜிடி இன்ஜின்களுக்குச் செயின், அதற்கு முந்தைய கேடி இன்ஜின்களுக்கு பெல்ட். பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள், ரசீது எங்கே? வாய்ச்சொல் போதாது. ஓடும்போது அறுந்தால் இன்ஜினை மறந்துவிடலாம்.

இப்போது படகு இழுப்பவர்களுக்கென்றே ஒரு சங்கதி. ஏற்கெனவே படகு இழுத்த பிக்கப் என்றால் "பழக்கப்பட்ட வண்டி, டோ பாரும் இருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கும். படகை இறக்கும்போது சரிவில் பின்னோக்கிப் போகிறீர்கள், பின்சக்கரம் தண்ணீரில் முங்குகிறது. பின்அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் அப்போதுதான் ஓடி வந்த சூட்டில் இருக்கும். அதைத் திடீரென்று கடல்நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டும். சீலில் சின்ன இடைவெளி இருந்தாலும், மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தாலும், உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு.

அதனால் டிஃபரென்ஷியலில் எண்ணெய் ஊற்றும் திருகைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பாருங்கள். எண்ணெய் தேன் நிறத்தில் வந்தால் நல்லது. தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர் நிறத்தில் நுரையோடு வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே பேரிங் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். கைப்பிரேக்கையும் சரிவில் நிறுத்திப் பாருங்கள், பின் டிரம்முக்குள் உப்பு போயிருந்தால் அது சரியாகப் பிடிக்காது. டோ பார் பொருத்திய இடத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் புதுக் கறுப்புச் சாயம் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தால், எதை மூடியிருக்கிறார்கள் என்று ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது தொப்பென்று சொல்லும்.

இழுக்கும் அளவு 3,500 கிலோ என்று ஏட்டில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது டிரெய்லரின் எடை மட்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. பல பிக்கப்புகளில் தட்டில் முழுச் சரக்கும் பின்னால் முழு டிரெய்லரும் ஒன்றாக ஏற்ற அந்த வரம்பு இடம் கொடுக்காது. டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுத்தினால்தான் டிரெய்லர் ஆடாமல் வரும். அந்த எடையையும் வண்டி சுமக்கும் சரக்கிலிருந்து கழிக்க வேண்டும். படகில் 200 லிட்டர் பெட்ரோல் என்றால் அதுவே 150 கிலோ, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காக்காரர்கள் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் வீடு மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு போகும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. அது வேறு சாதி வண்டி. நம் இரண்டரை லிட்டரிடம் அதை எதிர்பார்ப்பது பாவம்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே நீங்கள் வாங்குவது பாதி இரும்பு, பாதி காகிதம். வண்டியைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை மாதம் மீதி என்று பார்த்து, விலையை அதனால் வகுத்துவிடுங்கள். ஒரு பேச்சுக்கு 48,000 வெள்ளி, நான்கு வருடம் மீதி என்றால் மாதம் 1,000 வெள்ளி, வண்டி நின்றாலும் ஓடினாலும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. எப்படிப் புதுப்பித்தாலும் சரக்கு வாகனத்துக்கு 20 வருடம்தான் ஆயுள். 10 வருடம் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதனையில் தேறியதே போதும் என்று நினைக்காதீர்கள், டிஃபரென்ஷியலுக்குள் யாரும் விரல் விட்டுப் பார்ப்பதில்லை. டீசல் தீர்வையும் 2019-இலிருந்து லிட்டருக்கு 20 காசு, அதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான்கில் இரண்டு டிமேக்ஸும் பானெட் சூடாக இருந்ததால் கழிந்தன. நவாராவுக்கு ஏழு மாதம்தான் மீதி. ஹைலக்ஸ் பார்க்க அழகு, புது டயர், புது இருக்கை உறை, நல்ல டோ பார். திருகைக் கழற்றி விரலை வெளியே எடுத்தார், தே தாரிக். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தச் சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் ஐந்தாவது வண்டி பார்க்கப் போகிறோம். செடி கொடி ஏற்றிய வண்டியாம், கடல் பக்கமே போனதில்லையாம். இரண்டு பக்கமும் நெளிந்திருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது அங்கிள் என்று சலித்துக்கொள்கிறார். டார்ச் விளக்குக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய அட்டைப்பெட்டி மட்டும் தேட வேண்டும். நன்றி, வணக்கம்.