வகுக்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். பலகையில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். 127 இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இது பகா எண் என்று 1876-இல் நிறுவியவர் பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்காஸ். கணினி கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. 1951 வரை, 75 ஆண்டுகள், உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

பள்ளியில் படித்தபடி வகுத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த எண்ணுக்குப் பகா காரணி ஏதும் இருந்தால், அது 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஒன்றாக வர்க்கமூலம் வரை வகுத்தாலும் 100 கோடி ஆண்டைத் தாண்டிவிடும். ஆளை விடுங்கள்!

லூக்காஸ் காரணியைத் தேடவே இல்லை. அவர் வழியை 7-ஆம் அடுக்கில், அதாவது 7 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 127 என்ற எண்ணில், செய்து காட்டுகிறேன். 3-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2 கழித்தால் 7. மறுபடி அதையே செய்தால் 47. அப்புறம் 2207. எண் 127-ஐத் தாண்டினால் அதை 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: 48. அடுத்தது 16. அதன் வர்க்கம் 256, இரண்டைக் கழித்தால் 254, மீதி பூஜ்யம். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகளில், அதாவது ஐந்தாம் சுற்றில், பூஜ்யம் வந்தால் பகா எண். நம் பெரிய எண்ணுக்கு 125 சுற்று, அவ்வளவுதான்.

மீதி காண்பதற்கும் வகுக்க வேண்டியதில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 2207 என்பது 17 முறை 128, கூட 31. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 17-ஐயும் 31-ஐயும் கூட்டினால் போதும், 48 வந்துவிடும். இரும எண்ணாக எழுதினால், நீளமான எண்ணை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டுவதுதான் வேலை. இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. (ஹனோய் கோபுரம் என்ற வளையப் புதிரை 1883-இல் வெளியிட்டவரும் லூக்காஸ்தான். 127 வளையங்கள் இருந்தால், தேவையான குறைந்தபட்ச நகர்த்தல்கள் சரியாக இந்த 39 இலக்க எண்தான்.)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தெந்த அடுக்குகளுக்கு இப்படிப் பகா எண் கிடைக்கும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் கொடுத்த பட்டியலில் 127-ஆம் அடுக்கோடு 67-ஆம் அடுக்கும் இருந்தது. அது பகா எண் அல்ல என்று லூக்காஸ் காட்டிவிட்டார், ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை! 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளையும் 1903-இல்தான் அமெரிக்கர் ஃபிராங்க் கோல் கொடுத்தார்.

2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841, இலக்கங்கள் 4,10,24,320. அதை உறுதிசெய்த சோதனையும் இதே வர்க்கமும் கழித்தலும்தான். அமெரிக்கக் கணிதர் லேமர் பிற்பாடு சீராக்கிய வடிவம் என்பதால் 3-க்குப் பதில் 4-இல் தொடங்குவார்கள்.